பொட்டு வைத்த பொத்தான்

அவள் கீபோர்டின் கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள். சிவப்பு விளக்கை அணைத்தாள்.

பதிவாகியிருக்க வேண்டும்.

நிச்சயமாகத் தெரியவில்லை. எதையும் ஒரு தடவை செய்துவிட்டு நம்புவது அவளால் ஆகாது. உப்பு போட்ட குழம்பையே மறுபடி ருசி பார்க்கிறவள்.

மாலை வகுப்பு சார் சொன்னதை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் வேண்டாம். போனைப் பக்கத்தில் வைத்துப் பிடித்தால் ஃபேன் சத்தம் விழும். கீபோர்டுக்குள்ளேயே பதிந்துவிட வேண்டும். பிறகு ஒயர் போட்டுப் போனில் இறக்கிக்கொள்ளலாம்.

“உள்ள ஒரு பாட்டுக்குத்தான் எடம் உண்டு. தப்பாப் போச்சுன்னா மறுபடி பதிங்க. பழசு தானா அழிஞ்சிரும்.”

அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. தப்பு தானாக அழிந்துவிடுவது.

நாளை ஆளுக்கொரு மெட்டைப் பதிந்து கொண்டுவர வேண்டும். அதற்காக இன்று வகுப்பு இல்லை.

புத்தகத்தைப் பார்க்காமல் அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே மெட்டு. கீழ்வீட்டுப் பெரியம்மா துணி அலசும்போது முனகுவது. மாடி அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு விரலுக்கு வந்துவிட்டது. சினிமாப் பாட்டு இல்லை. கோயில் பாட்டும் இல்லை. எங்கே பிடித்தது என்று அவள் கேட்டதில்லை.

கீபோர்டும் பெரியம்மா வீட்டுடையதுதான். மகன் மாரிச்செல்வம் கச்சேரிகளில் வாசித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோயில் கொடைக்கு வாசித்துவிட்டுத் திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. கீபோர்டுக்குக் கீறல்கூட இல்லை.

“சும்மாதான கெடக்கு. வந்து வாசி, தாயி. வெளக்கு வைக்கிற நேரம் மட்டும் வேண்டாம்” என்று பெரியம்மா சொல்லியிருந்தாள்.

அந்த நேரத்தில் அவள் எப்போதும் வகுப்பில் இருப்பாள். அதனால் ஏன் என்று கேட்கவில்லை.

இன்னும் இருட்டவில்லை. பதிந்ததைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

அதற்கான பொத்தானைத் தேடினாள். இதுவரை அதைத் தொட வேண்டிய தேவை வந்ததில்லை.

அந்த வரிசைப் பொத்தான்கள் எல்லாவற்றிலும் தூசி. ஒன்றில் மட்டும் இல்லை. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. யாரோ குழந்தை ஒட்டியது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பொட்டின் நடுவில் சாயம் போயிருந்தது. விரல் பட்டுப் பட்டு.

அழுத்தினாள்.

கட்டைகள் அசையவில்லை. அவளுடைய வாசிப்பு மட்டும் கேட்டது. மூன்றாவது அடியில் விரல் இடறிய இடம். ஒரு தயக்கம். பிறகு மீதி.

பெரியம்மா அந்த மெட்டை எங்கே பிடித்தாள் என்று அவளுக்குப் புரிந்தது.

மறுபடி அழுத்தினாள். அவள் வாசித்ததுதான்.

கீபோர்டை அணைத்துப் போட்டாள். அழுத்தினாள். அவளேதான்.

உள்ளே ஒரு பாட்டுக்குத்தான் இடம்.

கூடத்தில் மாலை போட்ட படமாகத்தான் மாரிச்செல்வத்தை அவளுக்குத் தெரியும். அவன் விரல்கள் மிச்சம் வைத்துப் போனது இந்த ஒரு மெட்டு. அதை அவள் ஒற்றை விரலால் அழித்திருக்கிறாள்.

கூடத்தில் தீக்குச்சி உரசும் சத்தம்.

விளக்கு வைக்கும்போது தெருவில் எல்லா வீட்டு வாசலும் திறந்திருக்கும். பெரியம்மா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

“இன்னைக்குப் போகலயா நீ? சரி, இரு. நீயும் கேளு. அவன் வாசிக்கிற நேரந்தான்.”

“பெரியம்மா, நான் தெரியாம…”

“பேசாத. பேச்சுக் குடுத்தா அவனுக்குப் பிடிக்காது.”

பெரியம்மாவின் விரல் பொட்டைப் பார்க்காமலே போய்த் தொட்டது.

தரையில் உட்கார்ந்து ஸ்டாண்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் அடி. இரண்டாவது அடி.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்தாள். அதற்குள் மூன்றாவது அடி வந்துவிட்டது.

இடறியது.

பெரியம்மா கண்ணைத் திறந்தாள்.

அவளைப் பார்க்கவில்லை. கட்டைகளைப் பார்த்தாள். அசையாத கட்டைகளை ஒவ்வொன்றாக.

மெட்டு முடிந்தது. ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது.

“ரெண்டு வருசமா ஒரே மாதிரி வாசிச்சான்” என்றாள் பெரியம்மா. “நேத்துக்கூட அப்படித்தான் வாசிச்சான்.”

கோபம் இல்லை. அழுகையும் இல்லை. அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

“இன்னைக்குத் தடுமாறுறான், பாத்தியா. பசி. வயிறு காஞ்சாத்தான் அவனுக்கு வெரலு இப்படி இடறும்.”

முழங்காலில் கை ஊன்றி வேகமாக எழுந்தாள். அடுக்களைக்குப் போனாள்.

அரிசிப் பானையின் மூடி நகர்ந்தது. உழக்கு உள்ளே போய் வரும் சத்தம் நிற்கவில்லை. தனியாளுக்கு அளக்கிற அரிசி இல்லை அது.

அவள் கீபோர்டின் முன்னால் நின்றாள். சொல்ல வேண்டியது இனி வேறு செய்தி. அவன் இல்லை என்று பெரியம்மாவுக்கு மறுபடியும் ஒருவர் சொல்ல வேண்டும்.

அடுப்பு பற்றிக்கொண்டது.

“தாழ்ப்பாள எடுத்து விட்டுரு, தாயி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “வந்து தட்டிக்கிட்டு நிக்கப்போறான்.”

அவள் கூடத்தைக் கடந்து போனாள்.

தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

வெளியே பார்க்கவில்லை.