பல்லியின் கொட்டாவி

பூங்கோதை குழந்தைகளுக்கு எழுதிய பல்லிப் புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாண்டு கேட்ட, "பல்லி கொட்டாவி விடுமா மிஸ்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் பாக்கி. கண்ணால் பார்க்காததை அவள் எழுத மாட்டாள். அதனால் காலையிலிருந்து ஸ்டூலில் ஏறி நின்று, டியூப்லைட் பக்கத்துப் பல்லியின் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தர் விட்டால் அடுத்தவருக்கும் ஒட்டிக்கொள்ளுமே. பல்லி அசையவில்லை.

காபியோடு வந்த கணவர் தனசேகர், "பதிப்பகத்துலேருந்து மறுபடியும் போன்..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அவருக்குப் பெரிய கொட்டாவி வந்துவிட்டது. பல்லி மெதுவாக வாயைத் திறந்து மூடியது.

பூங்கோதை பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

"ஏங்க, கொஞ்சம் வெளியே போங்க. இது எனக்கு விட்டதா, உங்களுக்கு விட்டதான்னு தெரியணும்."