அச்சு அசல்

லிஃப்ட்காரர் அன்றைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

டீச்சர் கதவைப் பாதி திறந்தபடியே நின்றுவிட்டாள்.

பழுதான லிஃப்டுகளுக்குள் தலையை விட்டே பாதி ஆயுளைக் கழித்த மனிதர், தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் அந்த அம்மாள், கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணியோடு.

மாடியறையில் கீபோர்டு சொல்லித்தரும் டீச்சருக்கு ஒரு பெருமை உண்டு. எல்லோர் தலையிலும் ஒரே பாடத்தைக் கட்ட மாட்டாள். சேர்கிற அன்றே ஒரு சீட்டை நீட்டி, என்ன பிடிக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்வாள். பல் டாக்டருக்குச் சினிமாப் பாட்டு. கல்லூரிப் பெண்ணுக்கு ஏதோ வீடியோ கேமில் வரும் இசை. அவரவர் ஆசைக்கும் கைக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பாள்.

லிஃப்ட்காரர் தன் சீட்டில் எழுதியது ஒரே வரி. 'என் சம்சாரம் துணி தேய்க்கும்போது முனகுற மெட்டு.'

எந்தப் பாட்டிலும் இல்லாத மெட்டு. அவளாகவே போட்டுக்கொண்டது. அவர் ஃபோனில் முப்பது விநாடிப் பதிவு இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சீறலுக்கு நடுவே ஒரு பெண்குரல். கடைசி அடியில் ஐந்து ஸ்வரங்கள் கடகடவென்று படியிறங்கும். மெட்டின் உயிரே அந்த இடம்தான்.

அவருடைய வலது மோதிர விரலோ என்றைக்கோ லிஃப்ட் கதவில் நசுங்கியது. மடங்காது.

வழி இல்லாமல் இல்லை. கட்டைவிரலுக்கு மேலே நடுவிரலைத் தாண்டவைத்து வாசிக்கப் பழக்கலாம். ஆனால் இரண்டு மாதம் பிராணனை வாங்கும். யார் உட்கார்ந்து மாரடிப்பது?

ஐந்தை மூன்றாக்கிவிட்டாள் டீச்சர். அவரிடம் சொல்லவில்லை.

ஒருநாள் அவரே தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "இந்த எடத்துல என்னமோ குறையற மாதிரி இருக்கே, டீச்சர்?"

"அதெல்லாம் உங்க பிரமை. அச்சு அசல் அதேதான்."

கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னாள். பாவம், மனிதர் நம்பிவிட்டார்.

மெட்டுக்குச் சொந்தக்காரிதான் வீட்டில் முனகிக்கொண்டே இருக்கிறாளே, இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று அப்போது தோன்றியது.

இப்போது அந்தச் சொந்தக்காரியே வந்து நிற்கிறாள். "உக்காருங்கம்மா. மாடி ஏற சிரமமா இருந்துதா?" என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த அம்மாள் சிரித்தாள். பதில் அவரிடமிருந்து வந்தது.

"அவளால பேச முடியாது டீச்சர். தொண்டையில ஆபரேஷன் ஆகி எட்டு மாசமாச்சு. கட்டியோட சேத்து குரலையும் எடுத்துட்டாங்க. ஃபோன்ல இருக்கறதப் போட்டா அழுறா. அதான், நானே வாசிச்சுக் காட்டலாம்னு..."

இத்தனை மாதமாக இதை அவர் டீச்சரிடம் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை. சீட்டில் அதற்கெல்லாம் இடமில்லை.

இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு விரல் மட்டும் நாற்காலிக் கையின்மேல் கூடவே தட்டிக்கொண்டு போனது.

கடைசி அடி வந்தது. அவருடைய மூன்று ஸ்வரமும் முடிந்தன. விரல் நிற்கவில்லை. வெறும் மரத்தில் இன்னும் இரண்டு தட்டு தட்டியது.

அவள் கண்ணைத் திறந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. நேராக டீச்சரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கோபமாவது இருந்திருக்கலாம். டீச்சர் கூனிக் குறுகிப்போனாள். காது மடல்வரை எரிந்தது.

"சரியா இருக்கா?" என்று திரும்பினார் அவர். முகமெல்லாம் பல்.

"அது வந்து... நான்தான்..." என்று டீச்சர் வாயெடுத்தாள்.

அந்த அம்மாள் மடியிலிருந்து கையைச் சற்றே உயர்த்தி வேண்டாம் என்று காட்டினாள். அவரைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினாள். இன்னொரு தடவை என்று விரலைச் சுழற்றினாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

டீச்சர் கீபோர்டைப் பார்க்கவில்லை. நாற்காலிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி அடியில் அந்த விரல் மூன்று முறை தட்டியது. அதோடு நிறுத்திக்கொண்டது.