வியட்நாமுக்குப் பத்து நாள்

"வியட்நாமுக்கா? அதுவும் பத்து நாள்?" விடுப்பு மனுவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் துணை இயக்குநர் மேடம்.

"முதல் தடவையா வெளிநாடு போறோம் மேடம். மனைவிக்கு ரொம்ப வருஷத்து ஆசை," என்றார் சேஷு, நின்றபடியே.

"பார்லிமென்ட் கேள்விக்கெல்லாம் யார் பதில் தயார் பண்றது? ஆறு நாள் தரேன்."

"ஆறு நாள்னா வீட்டுல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க மேடம்."

"குடும்பக் கதையை எல்லாம் ஆபீஸ்ல பேசாதீங்க." பத்தை அடித்து ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேடம்.

மாலையில் டெல்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸுக்குள் சேஷு நுழைந்ததுமே மனைவி ரோஹிணி பிடித்துக்கொண்டாள்.

"ஆறு நாள்ல ஹனோயைத் தாண்ட முடியுமா? எனக்குப் பத்து நாளும் சாங்ஷன் ஆயாச்சு. நீங்க என்னடான்னா, குடுத்ததை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க."

"கேட்டுப் பார்த்தேன். மேடம் மசியலை."

"அழுத்திக் கேட்கணும். வாயைத் திறந்தாத்தானே?"

"அச்சா, நாளைக்கு மறுபடியும் கேட்கிறேன். மேடத்துக்குக் காலையில என்ன டிபன் வேணும்னு மட்டும் சொல்லு," என்றார் சேஷு, அவள் கழற்றிப் போட்டிருந்த துணை இயக்குநர் அடையாள அட்டையை எடுத்து ஆணியில் மாட்டியபடி.