தண்ணி வண்டி

"பையைக் குடுங்கப்பா."

மகள் பிடுங்கிய வேகத்தில் துணிப்பை தரையில் கவிழ்ந்தது. துண்டு, சீப்பு, அம்மாவின் மாற்றுத் துணி. எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பாட்டில்.

"ஆஸ்பத்திரிக்குமா? அம்மா இந்த நிலைமையில கிடக்கும்போதுமா?"

"மெதுவாப் பேசும்மா. நர்ஸ் காதுல விழப்போகுது."

"விழட்டுமே. இனிமே போறதுக்கு என்ன மானம் மிச்சம் இருக்கு?"

வார்டு மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போய் மூடியைத் திருகினாள். சீல் படக்கென்று உடைந்தது. கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அது சுழித்து இறங்குவதையே அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கப்படுவார் என்று நினைத்தாள். அவரோ பயந்துபோயிருந்தார்.

அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்பவர். அம்மா கணக்கு டீச்சர். தெருவில் அப்பாவுக்கு வைத்த பெயர் 'தண்ணி வண்டி'. மதுக்கடை வரிசையில் அவர் நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது. முதுகில் ஸ்கூல் பையோடு அவளும் ஒருநாள் பார்த்தாள். கூட வந்த தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு அப்பாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

தன் கல்யாணத்தன்று கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். குழந்தை பிறந்தபின் ஒருமுறைகூட அவர் கையில் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. "அப்பாவை ஒண்ணும் சொல்லாதேடி" என்று அம்மாதான் கெஞ்சுவாள். இப்படியும் ஒரு பொறுமையா என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

அந்த அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செவ்வாய்க்கிழமை கை நடுங்க ஆரம்பித்தது. இன்றைக்கு ஆளே மாறிவிட்டாள்.

போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டாள். "கடைசி பெஞ்சு, அங்க என்ன பேச்சு?" என்று வெறும் சுவரை அதட்டினாள். அப்பாவைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"கொண்டாந்தீங்களா? சீக்கிரம் குடுங்க."

"பாவம், சாக்பீஸ் கேக்கறாங்க" என்றாள் மகள். பக்கத்தில் வந்து நின்ற நர்ஸிடம் சொன்னாள்: "இந்த மனுஷனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினா, யாருக்குத்தான் புத்தி கலங்காது?"

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் இளம்பெண். நாடி பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காய்ச்சல் ஏறுது. ஆனா ரத்தத்துல கிருமி இல்ல. தலையிலயும் அடி இல்ல, ஸ்கேன் சுத்தமா இருக்கு."

"வலிக்குப் போடற ஊசி ஒத்துக்கலையா டாக்டர்?"

"அப்படித் தெரியல. நாங்க குடுத்த மருந்தால வந்ததா இருக்காது. உடம்புக்கு நாள்பட்டுப் பழகின ஏதோ ஒண்ணு திடுதிப்புனு நின்னு போச்சுன்னா, இப்படி ஆகும். அதுவரைக்கும் அமுக்கி வெச்சிருந்த மூளை ஒரேயடியாத் துள்ளும். நடுக்கம், வியர்வை, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியறது... அடுத்தது வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "தூக்க மாத்திரை, குடி, இப்படி ஏதாவது பழக்கம் உண்டா?"

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கம்மாவுக்கா? தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டாங்க. அவங்ககிட்டப் படிச்சவங்க இன்னிக்கும் தெருவுல பார்த்தா எழுந்து நிப்பாங்க. எங்க வீட்டுல குடிகாரர் ஒருத்தர்தான். அதோ நிக்கறாரு, கேட்டுக்குங்க."

டாக்டர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவந்த நேரம் தவிர, மூன்று நாளாக அந்த இரும்பு ஸ்டூலைவிட்டு நகராத மனிதர். சட்டை கசங்கியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன. அம்மாவுக்குக் கொடுக்க விளிம்புவரை நிரப்பிய தண்ணீர் தம்ளரைப் பிடித்திருந்தார். அது அலுங்கவே இல்லை. டாக்டரின் பார்வை தம்ளரிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"ஐயா, எதையும் மறைக்காதீங்க. சொன்னா இப்பவே மருந்தை ஆரம்பிச்சுக் காப்பாத்திடலாம். கடைசியாக் குடிச்சது எப்ப?"

"கேக்கறாங்கல்ல? இதுக்குமா ஊமையா நிக்கணும்?" என்றாள் மகள்.

அப்பா தம்ளரை மேசைமேல் வைத்தார். துண்டை எடுத்து அம்மாவின் நெற்றியில் வழிந்த வியர்வையை ஒற்றினார். "மன்னிச்சிடு டீச்சர்" என்று அவள் காதருகே குனிந்து சொன்னார். மனைவியை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

பிறகு நிமிர்ந்தார். மகள் பக்கம் திரும்பாமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் தொட்டதே இல்லீங்க. இவ கடைசியாக் குடிச்சது ஞாயித்துக்கிழமை சாயந்திரம்."