அசல் கம்பெனி அயிட்டம்

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே மாடல் ஸ்போர்ட்ஸ் கார். சண்டையும் அதனால்தான்.

மாமனாருடையது, கம்பெனியே ‘பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்’ என்று தனி விலை வைத்து, இன்ஜினுக்குக் கூடுதல் வேகமும் உயர்ரக பிரேக்கும் கொடுத்து அனுப்பிய வண்டி. மாப்பிள்ளையுடையது அந்த பேக்கேஜ் இல்லாத சாதா வண்டி. சைலன்சர், டர்போ, ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக வெளிக்கடையில் வாங்கி, தன் கையாலேயே மாட்டியிருந்தான். அவன் கிளப்பினால் தெருவில் நிற்கும் மற்ற கார்களெல்லாம் மிரண்டுபோய் அலாரம் அடிக்கும்.

“கம்பெனி மாட்டினது பிறவிப் பல்லு. நீங்க மாட்டினது கட்டுப் பல்லு, மாப்பிள்ளை” என்பார் மாமனார். சொல்லும் வாயில் இருந்தது முழுக்கக் கட்டுப் பல்.

“ரெண்டும் ஒரே சாமான்தான் மாமா. அவன் ஸ்டிக்கர் ஒட்டி மூணு மடங்கு கேக்கறான், நீங்களும் இளிச்சிக்கிட்டே குடுக்கறீங்க.”

வாய்தான் அப்படிப் பேசும். மாமனாரின் வண்டி ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு வயிறு எரியும்.

வயிறு எரிய வேறு காரணமும் இருந்தது. மாமனாரின் அட்டைப்பெட்டி ஆலையில் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். சுழல் நாற்காலி உண்டு. அதில் சுற்றுவதைத் தவிர எந்த அதிகாரமும் கிடையாது. மனைவி ஒரே மகள். கிழவர் கண்ணை மூடினால் ஆலை அவளுக்கு. அவளுக்கு என்றால் அவனுக்கு.

கிழவரோ அவனுக்கு முன்னால் கண்ணை மூடுகிற மாதிரி தெரியவில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்த வியாபாரிகள் நாலு பேருக்கு எதிரே, மாப்பிள்ளையின் வண்டியைத் தட்டிக் காட்டினார். “வெளியில வாங்கி ஒட்ட வெச்ச அயிட்டம், வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. சத்தம் பெருசா இருக்கும். எப்ப கழண்டு விழும்னு சொல்ல முடியாது!”

நாலு பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே முடிவு செய்துவிட்டான்.

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் மாமனார் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவார். வளைவு வரைக்கும் பறந்துபோய், கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து நிறுத்திக் காட்டுவதில் அவருக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

சனிக்கிழமை பெண்கள் துணிக்கடைக்குக் கிளம்பினார்கள். மாமனார் சாப்பிட்டுவிட்டு உள்ளே குறட்டை விட்டார். மாப்பிள்ளை கார் ஷெட்டுக்குப் போனான். அவன் ஸ்பேனரோடு திரிவது அந்த வீட்டில் புதிதல்ல. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தகடு தெரியத் தேய்ந்துபோன பழைய பிரேக் பேடுகள், எப்போதோ தன் வண்டியிலிருந்து கழற்றிப் போட்டவை, மூலையில் கிடந்தன. இரண்டு வண்டிக்கும் பேடின் அளவு ஒன்றுதான், தரம்தான் வேறு. மாமனாரின் சக்கரங்களைக் கழற்றினான். நல்லதை எடுத்தான், மட்டத்தை வைத்தான், சக்கரங்களைத் திரும்ப மாட்டினான்.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், ஷெட் வாசலில் மாமனார்.

“என் வண்டிகிட்ட என்ன வேலை?”

“தூசியா இருந்திச்சு மாமா, துடைச்சேன்.”

“துடைங்க, துடைங்க. அதுக்காவது உதவுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்கு இந்த வாய் இருக்காது என்று நினைத்துக்கொண்டான். கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாமனார் எழுவதற்கு முன்பே மாப்பிள்ளை கிளம்பிவிட்டான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பன் வீடு. செய்தி வரும்போது தான் தூரத்தில், நாலு பேர் பார்வையில் இருக்க வேண்டும். மலை ஏறி, மறுபக்கம் இறங்கத் தொடங்கினான். மனசு காற்றாய் இருந்தது. என்றைக்கும் இல்லாத வேகத்தில், ஒவ்வொரு வளைவையும் மாமனார் பாணியில் எடுத்தான்.

போன் அடித்தது. காரின் ஸ்பீக்கரை இயக்குவதற்கு முன்னால், ‘ஐயோ மாமா!’ என்று அலறுவதற்குத் தொண்டையைத் தயார் செய்துகொண்டான்.

“மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க?”

மாமனாரேதான். தயார் செய்த அலறலை மாப்பிள்ளை விழுங்கிக்கொண்டான். “நீங்க... வண்டி எடுக்கலையா மாமா?”

“எங்க எடுக்கறது! கிளம்பற நேரத்துல ஷோரூம்காரன் போன் பண்றான். பேக்கேஜ் வண்டியில போட்ட பிரேக் பேடெல்லாம் கோளாறாம். நாலு தடவை அழுத்தி மிதிச்சுச் சூடேறிச்சுன்னா தகட்டை விட்டுப் பேந்துடுதாம். வெளியூர்ல ரெண்டு பேர் காலியாம். வண்டியைத் தொடாதீங்கன்னு சொல்லி, ஆள் அனுப்பித் தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப பிரிச்சுப் பாத்துட்டு இருப்பான்.”

மாப்பிள்ளை கணக்குப் போட்டான். பிரித்தால் பழைய பேடு தெரியும். ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவன் ஒருவன்தான்.

“கம்பெனி கம்பெனின்னு தலையில தூக்கி வெச்சு ஆடினேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்” என்றார் மாமனார், வாழ்க்கையில் முதல் தடவையாக இறங்கி வந்து. “உங்க வெளிச்சாமானே தேவலை. என்ன மாப்பிள்ளை, சத்தமே காணோம்?”

எதிரே ஊசி வளைவு வந்துகொண்டிருக்க, நேற்று மாமனார் வண்டியிலிருந்து கழற்றி, இவ்வளவு நல்ல அசல் கம்பெனி அயிட்டம் வீணாகப் போவானேன் என்று தன் வண்டியில் மாட்டிக்கொண்ட பிரேக்கை, மாப்பிள்ளை மிதித்துக்கொண்டே இருந்தான்.