ஹால் கார்ப்பெட்

"கருமம், கருமம்! இது மீன் கொழம்பேதான்!"

பிரபாவதி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சோபாவை நகர்த்திய இடத்தில், கார்ப்பெட்டில் தட்டு அகலத்துக்கு மஞ்சள் கறை. போதாக்குறைக்கு முள் ஒன்று இழைக்குள் சிக்கிக் காய்ந்து கிடந்தது.

மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை அனுப்பிய கார்ப்பெட் அது. திண்டிவனத்து வெயிலில் வாடகைக்கு விடும் வீட்டு ஹாலுக்குக் கார்ப்பெட் விரித்த மகானுபாவர் அவள் கணவர் சக்கரபாணி ஒருவராகத்தான் இருப்பார். 'சைவம் மட்டும்' என்று கறாராகப் பேசித்தான் மாடி வீட்டைப் பிரான்சிஸுக்கும் அவன் மனைவி அமல்ராணிக்கும் விட்டிருந்தார்.

இன்று அவர்கள் காலி செய்கிறார்கள். கீழே லோடு வண்டி நிற்கிறது. இங்கே அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தால்தான் விழுப்புரத்தில் புது வீட்டுச் சாவி கிடைக்கும்.

"இந்த வூட்ல நாங்க ஒரு முட்டை கூட வேக வெச்சதில்லக்கா," என்றாள் அமல்ராணி.

"அப்ப இந்த முள்ளு வானத்துலேருந்து வுழுந்துச்சா?" பிரபாவதி கணவரிடம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழமையானா டேங்க் பாக்கறேன்னு மேல வர்றீங்களே, உங்களுக்குக் கூடவா இந்த நாத்தம் தெரியல?"

"நான் நேரா மொட்டை மாடிக்குப் போறவன். கண்டவங்க வூட்டுக்குள்ள எட்டிப் பாக்கற பழக்கம் எனக்கில்ல."

சக்கரபாணி கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி கதவருகிலேயே நின்றார். உள்ளே வந்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் போல.

"சார், தேய்ஞ்சதுக்கும் கறைக்கும் எதனா புடிச்சிக்கினு மீதியக் குடுங்க," என்றான் பிரான்சிஸ்.

"மீதியா? கார்ப்பெட்டே போச்சு. அட்வான்ஸ்ல ஒரு பைசா கெடையாது. எடத்தக் காலி பண்ணுங்க."

அமல்ராணி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று பிரான்சிஸ் கண்ணாலேயே கெஞ்சினான். வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளாதே என்பது குடிவந்த நாளிலிருந்து அவன் பாடும் பாட்டு. அவள் வழக்கம்போல விழுங்கிக்கொண்டாள்.

சக்கரபாணி அத்தோடு விட்டிருக்கலாம்.

"நாக்கை அடக்கத் தெரியாத ஜனம். இவங்களுக்குப் போயி வூடு வுட்டேன் பாரு, என் புத்தியச் சொல்லணும். நெனைச்சாலே வாந்தி வருது!" என்று சொல்லி வாசற்படியில் காறித் துப்பினார்.

காலி செய்கிற வீடாயிற்றே என்று பாராமல் காலையில்தான் அமல்ராணி அந்தப் படியைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். எச்சில் வழிவதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கார்ப்பெட் கறையைவிட அந்த மனிதர் அருவருப்பாக இருந்தார்.

காசும் இல்லை, வீடும் இல்லை. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? விறுவிறுவென்று அவர் எதிரில் போய் நின்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையிலேருந்து மீன் பார்சலை எங்க ஒக்காந்து சாப்புடுவீங்க சார்?"