காட்டில் படுக்கக் கட்டணம்

ஏரிக்கரையில் ஒரே ஒரு கூடாரம்தான் இருந்தது. வனக்காவலர் சீருடையில் மூச்சிரைக்க மேலேறி வந்தவள் அதன் முன்னால் போய் நின்றாள்.

தேசியப் பூங்காவின் காட்டுப் பகுதியில் இரவு தங்கக் கட்டணம் என்ற உத்தரவு அன்றுதான் அமலுக்கு வந்திருந்தது. முதல் நாளே யாரும் வம்பு பண்ண மாட்டார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கூடாரக்காரர் தலையை வெளியே நீட்டினார். வந்திருப்பது யாரென்று பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், தங்குறதுக்குக் கட்டணம் கட்டணும்."

"காடு என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா மேடம்? வானத்தைப் பார்த்துப் படுக்கிறதுக்கெல்லாமா காசு?"

இதே கேள்வியை, கட்டணம் பற்றி நடந்த பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிக் கேட்டவர் அவர். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சீருடையில் ஓரமாக நின்றிருந்த அவள் மட்டும் தட்டவில்லை. இப்போது அவர் வந்திருப்பதே, காசு கொடுக்காமல் படுத்துக் காட்டத்தான்.

மழையில் சரிந்த பாதையை யார் சரிசெய்வது, விட்டுப்போகிற குப்பையை யார் முதுகில் சுமந்து இறக்குவது என்று கேட்க அவளிடமும் நிறைய இருந்தது. எல்லாம் பேசிப் பேசி வாய் வலித்த விஷயம். அதனால் விதியை மட்டும் சொன்னாள். கட்டாவிட்டால் கூடாரத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும்; வழக்கும் போட வேண்டும்.

வேறு காவலர் வந்திருந்தால் இந்நேரம் கூடாரத்தைப் பிரித்திருப்பார். அதற்குப் பயந்துதான் ஏரிப் பக்கத்து ரோந்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கூடாரத்துக்குள்ளிருந்தே பதில் வந்தது.

"கட்டலாம்னு நினைச்சாலும் முடியாது. பர்ஸை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்." ஜெயித்துவிட்ட குரல்.

"தெரியும். கட்டில்ல கிடந்துச்சு."

தன் பையிலிருந்து அவருடைய பர்ஸை எடுத்தாள். கட்டணத்தை எடுத்துக்கொண்டு ரசீது எழுதிக் கிழித்தாள். பர்ஸையும் ரசீதையும் கூடார வாசலில் வைத்தாள்.

ஒரு கை மட்டும் வெளியே வந்து ரசீதை உள்ளே கொண்டுபோனது.

"ரெண்டு பேருன்னு போட்டிருக்கே?"

அவள் அதற்குள், தன் வேலை நேரம் முடிந்ததென்று வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டு, பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.